பெயிண்ட் பக்கெட்டில் இருபத்தொரு நாள்

கன்னியம்மாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். என்ன கிழமை என்றால் கொஞ்சம் யோசிப்பாள். என்ன ஷிப்ட் என்று கேளுங்கள், பட்டென்று பதில் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அடுத்த வாரம் செகண்ட், அதற்கடுத்த வாரம் நைட். மூன்றும் முடிந்து மறுபடி ஃபர்ஸ்ட் வந்தால் அது ஒரு ரவுண்டு. அவள் வீட்டில் காலம் நகர்வதே ரவுண்டில்தான். கேஸ் சிலிண்டர் இரண்டு ரவுண்டு வரும். திருநின்றவூரில் கட்டிக்கொடுத்த மகள் சோனியா வந்து போய் ஏழு ரவுண்டு ஆகிவிட்டது. புதிதாக வாங்கி வந்த மீனைத் தொட்டியில் சேர்க்காமல் தனியே வைப்பது சரியாக ஒரு ரவுண்டு.

மீன் வளர்க்கிறார்களா, இருக்கிற கஷ்டத்தில் மீன் தொட்டி ஒரு கேடா என்று நீங்கள் கேட்கலாம். தெருவே கேட்டது. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். கன்னியம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொன்னால் புரியவா போகிறது?

அவள் புருஷன் சாம்சன் ரோலிங் மில்லில் இருந்தவன். பழுக்கக் காய்ந்த கம்பி வெளியே வரும் இடத்தில் இருபது வருஷம் நின்றவன். அந்த மில் இரைச்சலில் கத்திக் கத்தி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். தெருமுனையில் அவன் யாரையாவது கிண்டல் செய்தால் அடுப்படியில் இவளுக்குக் கேட்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கிரேன் மேடையிலிருந்து கீழே விழுந்தான். உயிர் தங்கியது, முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவன் வாயும் அன்றோடு நின்றுபோனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஐந்து மாதம். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கஞ்சியைக் கொடுத்தால் குடிப்பான், புரட்டிப் படுக்கவைத்தால் படுப்பான். வீட்டில் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவதுபோல இருந்தது அவளுக்கு. பல நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் நுழையப் பயந்து கேட் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

அப்புறம் ஒரு நாள் சென்னையில் ஆஸ்பத்திரி. டாக்டரைப் பார்க்க வரிசையில் காத்திருக்கும் ஹாலில் ஒரு மீன் தொட்டி இருந்தது. சக்கர நாற்காலியை அதன் எதிரே நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்கப் போனாள். திரும்பி வந்தால், யாரோ முனகுவதுபோலக் கேட்டது.

"அந்தக் கறுப்பு மீனு துன்ன மாட்டேங்குது, பாரு."

சாம்சன்தான். கன்னியம்மா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே அவன் கட்டிலின் கால்மாட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. செங்குன்றத்தில் பஸ் மாறி, வண்ண மீன் கடைகள் இருக்கிற கொளத்தூர் போய், பாலித்தீன் பையில் நான்கு ஏஞ்சல் மீன்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் சாம்சன் பேசினான். மறு வாரம் இன்னும் இரண்டு வாங்கி வந்து, பையைப் பிரித்து நேராக உள்ளே ஊற்றினாள். ஆறே நாளில் எல்லாம் செத்து மிதந்தன. சாம்சன் வாய் மறுபடி மூடிக்கொண்டது, இந்த முறை நாற்பது நாள்.

கொளத்தூர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"புது மீன நேரா கொண்டுபோய் ஊத்துவாங்களாம்மா? அதுங்க ஒடம்புல என்ன சீக்கு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மூணு வாரம் தனியா ஒரு பக்கெட்ல வையி. சீக்கு இருந்தா அதுக்குள்ள வெளியில காட்டிக்கும். குளிர்காலம்னா மெதுவாத்தான் வரும், அவசரப்படாத. மூணு வாரம்னா மூணு வாரம்."

மூன்று வாரம் என்றால் ஒரு ரவுண்டு. கன்னியம்மா மனதில் அது அப்படித்தான் பதிந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது ஒரு சட்டமாகிவிட்டது. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சிமெண்ட் ஷீட் நிழலில், இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட். அதற்கென்று தனி வலை, தனி மக், தனி காற்று மோட்டார். ஒரு பிடி கல்லுப்பு. கடையிலிருந்து வந்த தண்ணீரில் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பக்கெட்டில் கைவிட்டால் சோப்பு போட்டுக் கழுவாமல் பெரிய தொட்டியைத் தொடக்கூடாது. சாம்சனால் பின்பக்கம் போக முடியாது அல்லவா? அதனால் படுத்த இடத்திலிருந்தே கேள்வி கேட்டு உயிரை எடுப்பான்.

"துன்னுச்சா?"

"துன்னுச்சுயா."

"றெக்கைய விரிச்சிக்கினு கீதா, மடக்கிக்கினு கீதா?"

"விரிச்சிக்கினுதான் கீது."

"பக்கெட்ல ஒரசுதா? பீ எப்டி போவுது, வெள்ளையா, நூலு மாதிரியா?"

"யோவ், எனக்கு இது ஒண்ணுதான் வேலையா? மீனு பேல்றத குந்திக்கினு பாக்கச் சொல்றியா?"

திட்டிக்கொண்டே போய்ப் பார்ப்பாள். செல்போனில் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டுவாள். அவன் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். உடம்பு நன்றாக இருந்த நாளில்கூட அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. ரவுண்டு முடிந்து மீன் பெரிய தொட்டிக்குப் போகிற நாளில் சாம்சன் அதற்குப் பெயர் வைப்பான். எல்லாம் மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் பெயர். வாலில் கறுப்புக் கோடு போட்டது ஸ்டீவன். அடுத்ததைக் கடித்துத் துரத்துவது அன்புராஜ். எல்லாவற்றிலும் பெரியது, தொட்டியின் நடுவில் அசையாமல் நிற்பது சுப்பராயன். நிஜ ஸ்டீவனும் நிஜ சுப்பராயனும் முதல் வருஷத்தோடு வந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, யாரைக் குறை சொல்வது? ஆனால் காலையில் கன்னியம்மா கண் விழிக்கும்போது, "டேய் அன்புராஜு, சும்மா குந்துடா, அவன் துன்னட்டும்" என்று குரல் கேட்கும். அவளுக்கு அது போதும்.

போதும் என்றாலும், உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. அந்தப் பக்கத்து போர் தண்ணீரை மனுஷர்களே வாயில் வைக்க முடியாது, மீன் எப்படிப் பிழைக்கும்? நான்கு தெரு தள்ளி, மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாயிலிருந்துதான் நல்ல தண்ணீர் வர வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை எட்டுக் குடம். அதை டிரம்மில் ஒரு நாள் வைத்திருந்து தொட்டிக்கு மாற்ற வேண்டும், பக்கெட்டுக்குத் தினமும் மாற்ற வேண்டும். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து, சாம்சனைத் துடைத்து, துணி மாற்றி, சோறு போட்டு, அதன் பிறகு குடம். வலது தோள்பட்டை இரண்டு வருஷமாக வலிக்கிறது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சாம்சனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தாள்.

போன கார்த்திகையில் புதிதாக மூன்று குட்டி ஏஞ்சல் வாங்கினாள். தொட்டியில் ஏழு இருந்தன, கிறிஸ்துமஸுக்குப் பத்தாக இருக்கட்டும் என்று ஆசை. கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்குள் ஏதாவது ஒன்று புதிதாக வர வேண்டும் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் பக்கெட்டில் விட்டாள். மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆரம்பம்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியில் ஒரு மெஷினைக் கழற்றிப் போட்டார்கள். ரிப்பேர் முடிகிற வரை செகண்ட் ஷிப்டே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஃபர்ஸ்ட் முடித்தவர்களை நேராக நைட்டுக்குப் போட்டார்கள். தூக்கம் தலைகீழானது. அந்த நைட் வாரத்தில்தான் ஒரு நாள் காலையில் குழாயடியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடத்தோடு விழுந்தாள். நெற்றியில் அடி. கெங்கம்மாள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாசலில் உட்காரவைத்தாள்.

"இன்னாமே, இன்னா ஆச்சு?" உள்ளே இருந்து சாம்சன் கத்தினான். எழுந்து வர முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்குகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணும் இல்லயா, வழுக்கி உட்டுச்சு."

"பொய் சொல்றா," என்றாள் கெங்கம்மாள் உள்ளே பார்த்து. "மயக்கம் போட்டு உழுந்துட்டா. ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு இவ அந்தக் குழாயாண்டயே போய்ச் சேந்துடுவா, பாத்துக்கோ."

சாம்சன் கட்டில் கம்பியை விட்டான். அவளைக் கிட்டே கூப்பிட்டு, நெற்றிக் காயத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். அன்று மீனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பயந்துபோயிருப்பான் என்று கன்னியம்மா நினைத்துக்கொண்டாள்.

நைட் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மறுபடி ஃபர்ஸ்ட். ஃபர்ஸ்ட் வந்துவிட்டால் ரவுண்டு முடிந்தது என்றுதான் அர்த்தம், ஒன்பது வருஷமாக அப்படித்தான். பக்கெட்டில் மூன்று குட்டிகளும் துறுதுறுவென்று இருந்தன. சர்ச்சிலிருந்து வந்த கையோடு வலையில் எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக உள்ளே வந்தாள்.

"யோவ், பேரு ரெடி பண்ணிட்டியா? ரவுண்டு முடிஞ்சி போச்சு, உட்றேன் பாரு."

சாம்சன் அவள் முகத்தையே பார்த்தான். நெற்றியில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஏதோ சொல்ல வந்தவன்போல வாயைத் திறந்தான்.

"உடு," என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான். பெயரும் வைக்கவில்லை. அப்புறம் வைத்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் வருஷக் கடைசி ஆர்டர் என்று எல்லாருக்கும் நான்கு மணி நேரம் ஓவர்டைம். இருட்டில் கிளம்பி இருட்டில் வந்தாள். தொட்டி லைட்டைப் போடக் கை நீட்டினால், "வேணாம்மே, கண்ணு கூசுது" என்றான் சாம்சன். தண்ணீர் மாற்றப் போனால், "ரெண்டு நாளு போவட்டும், நீ போய்ப் படு" என்றான். மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதுங்களுக்கு இன்னா, ராஜா மாதிரி கீதுங்க." கன்னியம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. நம்மேல் இந்த மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்தாள். மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை மதியமே விட்டுவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் வீட்டுக்குள் வந்து தொட்டியைப் பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து மீனும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. பொரிப்பதற்கு ரவையில் புரட்டி எடுத்ததுபோல, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"அய்யோ! யோவ், இன்னாயா இது! நீ பாக்கலியா?"

சாம்சன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கு நிற்க நேரமில்லை. ஓட்டமாக ஓடி பஸ் பிடித்து, கொளத்தூர் போய், மருந்தும் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டரும் வாங்கி வந்தாள். உப்பைக் கரைத்து ஊற்றினாள். தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்க வலிக்கப் பன்னிரண்டு குடம் தண்ணீர் தூக்கினாள். "ரெண்டாவது நாளே கொண்டாந்திருந்தா காப்பாத்தி இருக்கலாம்மா" என்று கடைக்காரர் சொன்னது காதிலேயே இருந்தது. முதலில் குட்டிகள் போயின. ஞாயிறன்று ஸ்டீவனும் இன்னும் மூன்றும். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்புராஜ் போனது. செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் சுப்பராயன் ஒன்றைத் தவிர எல்லாம் போய், அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்து நின்றுபோனது.

கெங்கம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "நீதான் மூணு வாரம் தனியா வெச்சிருந்தியே, அப்பால எப்டி?"

"வெச்சேன்கா. ஒரு ரவுண்டு சரியா வெச்சேன். ஃபர்ஸ்ட் ஒரு வாரம். அப்பால நைட். அப்பால..." விரலை மடக்கியவள் அப்படியே நின்றாள். "அப்பால செகண்ட்... செகண்டே இல்லியேக்கா! மெஷின கழட்டிட்டான்ல!"

தலைமேல் இடி விழுந்ததுபோல இருந்தது. ரவுண்டு முடிந்தது, ஆனால் ஓடியது இரண்டே வாரம். கட்டில் காலடியில் போய் விழுந்தாள்.

"நான்தான்யா கொன்னுட்டேன். என் கையாலயே கொன்னுட்டேன். ஏழு நாளு முன்னாடியே ஊத்திட்டேன்யா. என்ன மன்னிச்சிரு, பேசாம மட்டும் இருந்துடாதய்யா."

சாம்சன் அவள் தலையில் கையை வைத்தான். ஒன்றும் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. சோனியா வரவில்லை, போனில் பேசினாள். கன்னியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் மூடியை எண்ணிப் பெட்டியில் போடும்போதும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு. பதினான்கு. நின்ற இடத்தில் கண்ணீர் வடிந்தது. மறு வாரம் நைட் முடித்து ஒரு காலையில் வந்து, வெறும் தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், கன்னி," என்றான் சாம்சன். "எழுந்து வா இங்க."

அவள் அசையவில்லை.

"உன் தப்பு இல்லமே. நீ வலையோட வந்து நிக்கும்போதே எனக்குத் தெரியும், பதினாலு நாளுதான் ஆவுதுன்னு. படுத்துக் கெடக்கறவனுக்கு வேற இன்னா வேல? நாள எண்றதுதான் வேல."

அவள் மெல்லத் திரும்பினாள்.

"புதன்கிழமையே புள்ளியப் பாத்துட்டேன். சுப்பராயன் றெக்கைல மூணு புள்ளி. வியாழக்கிழமை எல்லாத்துக்கும் வந்துச்சு. அதான் லைட்ட போட வேணாம்னேன்."

"பாத்துட்டியா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பாத்துட்டு ஏன்யா சொல்லல?"

"சொன்னா ஓடுவ. தண்ணி தூக்குவ. அதுங்கள பொழைக்க வெச்சிடுவ." அவன் உதடு கோணியது. "அப்பால நாளைக்கும் தூக்குவ, அடுத்த வருஷமும் தூக்குவ. குழாயாண்ட உழுந்து மண்டைய ஒடச்சிக்கினு வந்து நிக்கற. அந்தப் பத்து ஜீவன வெச்சிக்கினு நான் உன்ன சாவடிச்சிக்கினு கீறேன். எனக்கு எதுவும் வேணாம்மே, இனிமே. நீ வந்தா படுத்துத் தூங்கு, அது போதும்."

கன்னியம்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பாள். கை எழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே செத்துப்போனவனை எங்கே அறைவது?

"பாவி! மீனுக்காடா நான் குடம் தூக்குனேன்? நாலு வருஷமா அந்த மீனுக்கா தூக்குனேன்? நீ பேசுவன்னுதாண்டா தூக்குனேன்! உன் வாயி கேக்கணும்னு தூக்குனேன்! என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

சாம்சன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"வேற மீனு வாங்கியாறேன்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்த ஞாயித்துக்கெழமையே போறேன். இந்த தபா காலண்டர்ல கோடு போட்டு வெக்கிறேன்."

"வாங்கினு வந்தா நான் பாக்க மாட்டேன்," என்றான் அவன். "செவுத்த பாத்துக்கினு படுத்துக்குவேன். சத்தியமா சொல்றேன். போ, போய்ப் படு."

அவன் சொன்னால் செய்கிறவன் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து முகம் கழுவினாள். அவனைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்தாள். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலித்தது, ஆனாலும் வரவில்லை. அவன் ஏதாவது சொல்ல மாட்டானா, திட்டவாவது மாட்டானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

மேலே கட்டிலில் சாம்சனுக்கு இருமல் வந்தது. அவளை எழுப்பிவிடுவோமோ என்று போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே இருமினான். அவளுக்கு எல்லாம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தால், அவன் அத்தனையும் செய்தது வீண் என்று ஆகிவிடும். அதனால் தூங்குகிறவளைப்போல மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அப்படியே கிடந்தாள். மதியம் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.